ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் ஒரு மாலைக் கேனோ: முதல் தடவை போகிறவர்களுக்கு

நெதர்லாந்துக்கு வந்த முதல் கோடையில் எல்லோரும் ஆம்ஸ்டர்டாம் நகரக் கால்வாயில் கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலாப் படகில் ஏறுவார்கள். ஏறட்டும், தப்பில்லை. ஆனால் அதே நகரத்திலிருந்து பேருந்தில் கால் மணி நேரம் வடக்கே போனால், கேனோ என்ற சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாடுகளுக்கும் நாணலுக்கும் நடுவே நாமே துடுப்புப் போட்டுப் போகலாம் என்பது பல பேருக்கு இரண்டாவது மூன்றாவது வருஷத்தில்தான் தெரியவருகிறது. எனக்கு நாலாவது வருஷத்தில் தெரிந்தது.

ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு 10 மணி தாண்டிவிடும். அதனால் லீவு போட வேண்டியதில்லை. வேலை நாளில் சாயங்காலம் 6 மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினாலும் 7 மணிக்குத் தண்ணீரில் இருக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை. கேனோவுக்கு உரிமமும் தேவையில்லை. நீச்சல் தெரியாதவர்களும் போகலாம், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பின்னால் சொல்கிறேன். காற்று, வெளிச்சம் ஆகிய இரண்டை மட்டும் கிளம்பும் முன்பே சரியாகக் கணக்குப் போட வேண்டும். மற்றதெல்லாம் தண்ணீரில் இறங்கிய பிறகு தானாக வரும்.

எங்கே போவது

நாடு முழுக்கக் கேனோ வாடகைக்குக் கிடைக்கும். ஹீத்தோர்ன் ஊரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்; அழகான ஊர்தான், ஆனால் கோடையில் படகு நெரிசல் தாங்காது. உத்ரெக்ட்டில் இருப்பவர்களுக்குக் குரொம்மெ ரைன் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆம்ஸ்டர்டாம், ஆம்ஸ்டல்வேன் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வாட்டர்லாந்த். அதிலும் ப்ரூக் இன் வாட்டர்லாந்த் என்ற ஊர்.

பெயரைப் பார்த்தாலே புரியும், தண்ணீர் நாடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இது வெறும் சதுப்பு. செடிகொடிகள் மக்கி மக்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த மண். டச்சுக்காரர்கள் ‘ஃபேன்’ என்பார்கள். விவசாயிகள் வரிசையாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அந்த மண் சுருங்கியது, காற்றுப் பட்டு மட்கியது, நிலம் கீழே இறங்கியது. இறங்கியதால் மறுபடி வடிக்க வேண்டியதாயிற்று. இப்படியே போய் இன்றைக்கு இந்தப் புல்வெளி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. நீளநீளமாகக் கத்தரித்த பட்டைகள் மாதிரி நிலம், ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே தண்ணீர். பல இடங்களில் புல்லுக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். கேனோவில் உட்கார்ந்தால் மாட்டின் முழங்காலுக்கு நேராக நம் கண் இருக்கும்.

நீர்மட்டத்தை ‘வாட்டர்ஸ்ஹாப்’ என்கிற நீர் வாரியம் பம்பு வைத்து ஒரே அளவில் வைத்திருக்கிறது. அதனால் இந்த வாய்க்கால்களில் ஓட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். உங்களைத் தள்ளப்போவது காற்று மட்டும்தான்.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் ‘ஐ’ என்ற நீர்வழியின் பக்கம், மேல்தளத்தில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. நோர்ட் மெட்ரோ நிலையத்திலிருந்தும் பேருந்து உண்டு. வங்கி அட்டையைக் காட்டி ஏறலாம். இறங்கும்போதும் காட்ட மறக்காதீர்கள், மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். ப்ரூக் ஊரில் மரவீடுகள் சாம்பலும் வெளிர் நிறமுமாக வரிசையாக நிற்கும். அந்தச் சாம்பலுக்கு ‘ப்ரூக்கர் சாம்பல்’ என்றே பெயர். ஊர் நடுவே ஹாவன்ராக் என்ற குளம். அதன் கரையில் 1656-இல் கட்டிய குட்டி மரமண்டபம் ஒன்று உண்டு, நம் ஊர்த் தேர்க்குடை சைஸில். 1811-இல் நெப்போலியன் இந்த ஊருக்கு வந்ததால் அதற்கு ‘நெப்போலியன் வீடு’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

எந்த நாள், எத்தனை மணிக்கு

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நல்ல காலம். அதற்கு முன்னால் போகக் கூடாதா என்றால், போகலாம். ஆனால் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் சில குறுகிய ஓடைகளை மூடிவிடுவார்கள். தண்ணீரும் மே மாதம் வரை சில்லென்று இருக்கும். வெளியே வெயில் 22 டிகிரி அடிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். ஜூன் கடைசியில் 10.05 வாக்கில், ஆகஸ்ட் நடுவில் 9 மணிக்குச் சற்றுப் பிறகு, செப்டம்பர் தொடக்கத்தில் எட்டரைக்குள். அந்த நேரத்துக்குத் துறையில் திரும்பி இறங்கியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நிதானமாகப் போகும் புதியவர்கள் மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். நடுவில் நின்று சாப்பிட அரை மணி. ஆக மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு 6 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். இவ்வளவுதான்.

இனி காற்று. டச்சு வானிலைச் செயலிகள் காற்றை போஃபோர்ட் எண்ணில் சொல்லும், ‘விண்ட்கிராஹ்ட்’ என்று போட்டிருக்கும். 2 என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள். 3 என்றால் போகலாம், கை வலிக்கும். 4 என்றால் வேறு நாள் பாருங்கள். நகரத்தில் கட்டடங்களுக்கு நடுவே 4 ஒன்றும் தெரியாது. இங்கே மறைக்க ஒரு மரம்கூட இருக்காது. வெயில் தாழத் தாழக் காற்றும் பெரும்பாலும் தணியும், மாலையில் போவதற்கு அதுவே ஒரு பெரிய காரணம். மழைக்கு ‘பவ்யன்ராடார்’ செயலி போதும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு எந்த மேகம் எங்கே வருகிறது என்று காட்டிவிடும். தூறல் பரவாயில்லை. இடி என்று ஒரு சின்னச் சந்தேகம் இருந்தாலும் போகாதீர்கள். அந்த வெட்டவெளியில் எல்லாவற்றையும்விட உயரமாக இருப்பது உங்கள் தலைதான்.

வாடகைக்கு எடுப்பது

டச்சில் ‘கானோ’ என்ற ஒரே சொல் இரண்டு படகுக்கும் பொது. மேலே மூடியிருக்க, கால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையான அலகு உள்ள துடுப்பால் போவது கயாக். மேலே திறந்திருக்க, பலகையில் உட்கார்ந்து, ஒற்றை அலகுத் துடுப்பால் போவது ‘கனடேஸ கானோ’. மாலையில் சோம்பலாகப் போக உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. சாப்பாட்டுப் பை வைக்கலாம், நடுவில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம், கூட வருபவர் முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் பேசிக்கொண்டே போகலாம். பதிவு செய்யும்போது ‘கனடேஸ’ என்று அழுத்திச் சொல்லுங்கள். ‘ஃப்ளவுஸ்டர்போட்’ என்று பட்டியலில் இருந்தால் அது மின்மோட்டார் வைத்த படகு. ‘கிசுகிசுப் படகு’ என்று அர்த்தம். சத்தமே போடாது என்பதால் இந்தப் பெயர். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் அதுதான் சரி.

புதியவர்கள் இடறுவது நேரத்தில். நிறைய வாடகைக் கடைகள் மாலை 5 அல்லது 6 மணிக்கே படகைத் திருப்பிக் கேட்பார்கள். எல்லா நாளும் மாலையில் திறந்திருக்க மாட்டார்கள். அதனால் நேரே போய் நிற்காமல் இரண்டு நாள் முன்பு ஃபோன் செய்யுங்கள். ‘மாலையில் எடுக்கலாமா, எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும், நாங்கள் வரும்போது ஆள் இருப்பாரா, இல்லை படகைக் கட்டிவிட்டுப் போகலாமா’ என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ‘போர்ஹ்’ என்று முன்பணம் கேட்பார்கள். அடையாள அட்டையும் கேட்கலாம். அங்கேயே வரைபடம் ஒன்று கேட்டு வாங்கி, நீர் புகாத உறையில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோன் வரைபடம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஈரக்கையால் திரையைத் தேய்த்துப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் மிதவை அங்கி. பெரியவர்கள் போட வேண்டும் என்று சட்டம் இல்லை, டச்சுக்காரர்களில் பாதிப் பேர் போட மாட்டார்கள். அவர்கள் சின்ன வயதிலேயே நீச்சல் டிப்ளோமா வாங்கியவர்கள், அவர்களைப் பார்த்து நாம் நடக்கக் கூடாது. இதில் இரண்டு வகை உண்டு. ‘ஸ்வெம்ஃபெஸ்ட்’ என்பது 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ளது, நீந்தத் தெரிந்தவர்களுக்கு. ‘ரெட்டிங்ஸ்ஃபெஸ்ட்’ என்பது 100 நியூட்டனும் அதற்கு மேலும், முகம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்வது. நீச்சல் தெரியாதவர்களுக்கு நான் சொன்ன நிபந்தனை இதுதான்: இரண்டாவது வகையை வாங்கி, பட்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும். பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு போவதற்குப் போகாமலே இருக்கலாம். வாடகைக் கடையில் குழந்தைகள் அளவில்தான் இருக்கிறது என்று சொல்வதும் உண்டு. அதையும் ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காய ராத்திரி முழுக்க ஆகும், எடையும் கூடும். வெயில் தாழ்ந்ததும் குளிர் சட்டென்று ஏறும், அதனால் ஒரு ஸ்வெட்டரும் ஒரு ஜோடி காலுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். காலோடு பட்டையால் கட்டிக்கொள்ளும் பழைய செருப்போ கேன்வாஸ் ஷூவோ போதும். ஹவாய் செருப்பு வேண்டாம், சேறு அதைத் திருப்பித் தராது. கொசு மருந்து கட்டாயம். அந்திக்குக் கண்ணுக்கே தெரியாத பொடி ஈக்கள் நாணலிலிருந்து கிளம்பும். அவற்றுக்கு ‘க்னுட்டன்’ என்று பெயர். நம் ஊர்க் கொசுவைப் பார்த்தவர்கள் என்ற மெத்தனம் அவற்றிடம் செல்லாது.

தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு படகுக்கொன்று. திட்டம் பிசகி இருட்டிவிட்டால், சின்னப் படகும் எல்லாப் பக்கமும் தெரியும்படி வெள்ளை விளக்கு காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தேங்கிய தண்ணீரிலும் வரக்கூடியதுதான்.

சாப்பாட்டுக்கு, கையால் எடுத்து அப்படியே வாயில் போடுகிற எதுவும் சரி. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி இதற்கென்றே கண்டுபிடித்ததுபோல் இருக்கும். குழம்பு, ரசம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஃபிளாஸ்கில் காபி. கழிப்பறைக்குக் கரையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள், வழியில் ஒன்றும் கிடையாது.

ஏறுவது

கவிழ்கிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் நடுவில் கவிழ்வதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் கவிழ்கிறார்கள். நானும் அப்படித்தான், கரையில் கட்டியிருந்த படகிலிருந்து, பத்துப் பேர் பார்க்க.

படகைத் துறைப் பலகைக்கு ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். ஒருவர் மண்டியிட்டு, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் துடுப்பை முதலில் உள்ளே வைத்துவிட்டு, குனிந்தபடியே ஒரு காலைப் படகின் நட்ட நடுவில் வைக்க வேண்டும். ஓரத்தில் மிதித்தால் அந்தப் பக்கம் சாயும். உடனே இரண்டு கையும் இரண்டு விளிம்பையும் பிடிக்கட்டும். அப்புறம் அடுத்த கால். நிமிரவே கூடாது. உட்கார்ந்த பிறகு மூச்சு விட்டுக்கொள்ளலாம். இரண்டாமவர் ஏறும்போது முதலில் ஏறியவர் துறைப் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முன்னால் யார், பின்னால் யார்? நம் மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். எடை அதிகம் உள்ளவர் அமரத்தில் உட்காரட்டும். படகைத் திருப்பும் வேலை அவருடையது. அணியத்தில் இருப்பவர் தாளம் போடுகிறவர். அவர் எந்த வேகத்தில் போடுகிறாரோ அதே வேகத்தில் பின்னவரும் போட வேண்டும். இருவரும் எதிரெதிர்ப் பக்கம். புருஷன் பெண்டாட்டி போகும்போது யார் பின்னால் என்பதைத் துறையிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

துடுப்பின் மேல்முனைக் குமிழை ஒரு கை மூடிப் பிடிக்க வேண்டும், மறு கை அலகுக்குச் சற்று மேலே. இரண்டு கையும் கம்பில் இருந்தால் தப்பு. அலகை முன்னால் தண்ணீரில் முழுக்க இறக்கி, இடுப்புக்கு நேராக வரும்வரை இழுத்து எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுப்பதால் வேகம் அதிகமாகாது, தண்ணீர்தான் மேலே தெறிக்கும்.

அமரத்தில் இருப்பவர் வலப்பக்கம் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். இதை முதல் பத்து நிமிஷம் நம்ப முடியாது, நாணலுக்குள் இரண்டு தடவை முட்டிய பிறகு நம்புவீர்கள். நேராக்க எளிய வழி ஒன்று உண்டு. இழுத்து முடித்ததும் துடுப்பை வெளியே எடுக்காமல், பின்னால் படகோடு ஒட்டினாற்போல், அலகு செங்குத்தாக நிற்கும்படி ஒரு நொடி வைத்திருங்கள், சுக்கான் மாதிரி. அதை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளினால், நீங்கள் எந்தப் பக்கம் துடுப்பு வைத்திருக்கிறீர்களோ அந்தப் பக்கம் அணியம் திரும்பும். கை பழகிய பிறகு இழுப்பின் கடைசியில் மேல்கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருகி, அப்படியே வெளியே தள்ளலாம். இழுப்பும் திருப்பமும் ஒரே அசைவாகிவிடும். முதல் நாளே அது வராது, வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

எந்தப் பக்கம் கிளம்புவது

இதில்தான் நான் வசமாக மாட்டினேன். இரண்டாவது தடவை தம்பியோடு போனபோது ப்ரூக்கிலிருந்து கிழக்கே சௌடர்வௌட என்ற குட்டி ஊருக்குப் போனோம். சுமார் 3 கிலோமீட்டர். வழுக்கிக்கொண்டு போயிற்று படகு. ‘நமக்கு நல்லாவே வருதுடா’ என்று தம்பி சொன்னான். திரும்பியபோதுதான் தெரிந்தது, வந்த திறமை எங்களுடையது இல்லை, மேற்குக் காற்றுடையது. துடுப்பை நிறுத்திய நொடியில் படகு பின்னால் போனது. இட்லி டப்பாவைத் திறக்கவே இல்லை. கரைக்கு வந்தபோது உள்ளங்கையில் ஆளுக்கு இரண்டு கொப்புளம்.

அதனால், போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது அது தள்ளிக்கொண்டு வரட்டும். இந்த நாட்டில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோதான் காற்று வரும். அப்படிப்பட்ட நாளில் மேற்கே, ஃபார்க்கன்ஸ்லாந்த் பக்கம் போங்கள். ‘பன்றி நிலம்’ என்று பெயர், ஆனால் பறவைகளுக்குப் பேர்போன இடம். கிழக்குக் காற்று அடிக்கும் நாள் கோடையில் வரும், அன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அன்றைக்கு சௌடர்வௌட போங்கள்.

மேற்கே போகும்போது ஏழு எட்டு மணி வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், தொப்பி வேண்டும். திரும்பும்போது வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். எதிரே நாணல், வீடு, மாடு எல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். படம் எடுப்பவர்கள் திரும்பும் வழிக்கு ஃபோனில் சார்ஜ் மிச்சம் வையுங்கள்.

வழி தவறுவது சுலபம். வாய்க்கால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். நாணல் உயரமாக இருந்தால் இரு பக்கமும் சுவர்தான். பயப்பட வேண்டாம், தேவாலயக் கோபுரங்களைப் பாருங்கள். இந்தத் தட்டையான நாட்டில் ஒவ்வொரு ஊர்க் கோபுரமும் தொலைவிலிருந்தே தெரியும். கிளம்பும்போதே ப்ரூக் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்பது போகும்போது தெரியாது.

இரண்டு இடத்துக்குப் போகாதீர்கள். ஒன்று, நோர்ட்ஹாலண்ட்ஸ் கால்வாய். 1824-இல் முடித்த பெரிய கப்பல் கால்வாய், சரக்குப் படகுகள் இன்றும் போகின்றன. ஒரு மாலைக்கு அது தேவையில்லை. இன்னொன்று, கிழக்கே கரையணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மார்க்கர்மேர் ஏரி. ஒரு காலத்தில் அது சௌடர்சே என்ற கடலின் பகுதி. 1916 ஜனவரியில் புயலில் கரை உடைந்து இந்த வாட்டர்லாந்தின் பெரும்பகுதி மூழ்கியது. அதற்குப் பிறகுதான் கடலையே அடைத்துவிடுவது என்று 1918-இல் சட்டம் போட்டு, 1932-இல் ஆஃப்ஸ்லௌட்டைக் என்ற நீண்ட அணையைக் கட்டி முடித்தார்கள். இன்று அது நன்னீர் ஏரி. ஆனாலும் காற்றடித்தால் கேனோவுக்கு அது கடல்தான்.

பாலம், பலகை, மற்ற படகு

பாலங்கள் தாழ்வானவை. சிலவற்றின் அடியில் போக, உடம்பை முன்னால் மடித்து நெற்றி முழங்காலில் படும்படி குனிய வேண்டும். வேகத்தைக் குறைத்து, துடுப்பைப் படகுக்குள் நீளவாக்கில் வைத்துவிட்டு, மிதந்து போங்கள். சிலந்தி வலை முடியில் ஒட்டும், சிலிர்க்கும். தப்பித் தவறியும் கையால் பாலத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள். படகு போய்க்கொண்டிருக்கும், நீங்கள் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மாட்டுப் பாதைக்கு அடியில் வெறும் குழாய் இருந்தால் அதற்கு ‘டவுக்கர்’ என்று பெயர், முக்குளிப்பவன் என்று அர்த்தம். அதற்குள் நுழைய வேண்டாம்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள், கையை உயர்த்தி ‘ஹோய்’ என்று சொல்லுங்கள். இங்கே தெருவில் சொல்லாதவர்கள்கூடத் தண்ணீரில் சொல்வார்கள். மோட்டார் படகு எழுப்பும் அலை வந்தால் பதறாதீர்கள், அணியத்தை அலைக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி, துடுப்பைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள்.

கரையில் ‘ஃபெர்போடன் டூஹங்’ என்று பலகை, அடியில் ‘ஆர்ட்டிகல் 461’ என்று இருந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது, அத்துமீறல் குற்றம். புல்வெளி எல்லாம் யாரோ ஒரு விவசாயியின் சொத்து. சாப்பிட வேண்டுமானால் பொதுத் துறையில் நிறுத்துங்கள், இல்லையென்றால் நாணல் ஓரமாகப் படகைச் சொருகிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. துடுப்புச் சத்தம் நின்றதும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் மற்ற சத்தங்கள் வரும். ஒரு தடவை அப்படி நிறுத்தியிருந்தபோது பக்கத்தில் மேய்ந்த மாடு ஒன்று மெல்ல நெருங்கி, நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டியது. நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து அது பிடுங்கும் ஒவ்வொரு ‘கறுக்’கும் தனித்தனியாகக் கேட்டது. மூச்சில் புல் வாசனை அடித்தது. கேனோவின் விளிம்புக்கும் அதன் மூக்குக்கும் ஒரு முழம் இருக்கும்.

பறவைகள்

நாமக்கோழி எங்கும் இருக்கும், நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு. சாம்பல் நாரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று, ஒற்றைக் காலில். கொண்டை முக்குளிப்பான் உங்களுக்கு முன்னால் முங்கி, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எழும். ஜூனில் போனால் கருவால் மூக்கனைப் பார்க்க வாய்ப்பு உண்டு. டச்சில் அதற்கு ‘க்ருட்டோ’ என்று பெயர், தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு பறக்கும். நெதர்லாந்தின் தேசியப் பறவை அது. குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வருகிற அதே இனம்; ஆனால் இங்கே கூடு கட்டுபவை நம் பக்கம் வருவதில்லை, மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமும் போகின்றன.

அன்னத்திடம் மட்டும் மரியாதை வேண்டும். குஞ்சுகளோடு இருக்கும் ஆண் அன்னம், சிறகைப் பாய்மரம்போல் தூக்கிக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு வரும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுக்க நிற்காதீர்கள், அது சண்டைக்கு வருகிற கோலம். எதிர்க்கரையை ஒட்டி, நிற்காமல், அதற்கும் குஞ்சுகளுக்கும் நடுவே போகாமல் கடந்துவிடுங்கள். வழி ரொம்பக் குறுகலாக இருந்தால் திரும்பிவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சூரியன் இறங்கும் நேரத்தில் வௌவால்கள் தண்ணீரை உரசிக்கொண்டு பறக்கும். மேலே மோதுவதுபோல் வரும், மோதாது.

கவிழ்ந்தால்

பெரும்பாலான வாய்க்கால்களில் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் அடியில் தரை என்று நினைத்துக் காலை ஊன்றினால் சேறு முழங்கால் வரை விழுங்கும். அதனால் நிற்கப் பார்க்காதீர்கள். படகு மூழ்காது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கூட வந்தவர் எங்கே என்று பாருங்கள், அப்புறம்தான் ஃபோன், பை, செருப்பு. மிதந்தபடி படகைக் கரைக்குத் தள்ளி, கரையில் ஏறிய பிறகு படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. கோடைக் கடைசியில் தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அது நீலப்பாசி. அதில் கையைக்கூட விட வேண்டாம், விழுந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

திரும்பி வந்த பிறகு

இறங்குவதும் ஏறியதுபோலத்தான், ஒருவர் துறையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்தபடியே. இந்த நேரத்தில் கால் மரத்துப்போயிருக்கும், அவசரப்படாமல் ஒரு நிமிஷம் நீட்டி மடக்கிவிட்டு எழுந்திருங்கள். படகுக்குள் தேங்கிய தண்ணீரையும் நாணல் துணுக்குகளையும் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டால் முன்பணம் முணுமுணுப்பில்லாமல் வரும். துடுப்பை எண்ணி ஒப்படையுங்கள்.

பேருந்து நிறுத்தம் ஊரை ஒட்டிய பெரிய சாலையில். ஆம்ஸ்டர்டாம் போகும் பக்கம் எது என்று வரும்போதே பார்த்து வைத்திருந்தால், சொட்டச் சொட்ட நனைந்த காலோடு சாலையை இரண்டு தடவை கடக்க வேண்டியிருக்காது. இரவில் பேருந்து அடிக்கடி வராது, நேரத்தைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். காலுறை மாற்றிக்கொள்ள நிறுத்தத்தில் பெஞ்சு இருக்கும். ஃபிளாஸ்கின் அடியில் இருக்கும் கடைசிக் காபியை நான் அங்கேதான் குடிப்பேன்.